மில் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் அந்த ஊசி போய்ச் சேரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் ஹெச்பிவி வைரஸைத் தடுக்கும் ஊசியை 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடுவோம் என்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கி அறிவித்தார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தை மட்டும் நம்பினால் எங்கள் பல்லடம், சோமனூர் பக்கம் யாரெல்லாம் விட்டுப்போவார்கள் என்று எனக்கு இப்போதே தெரிகிறது.

படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலுக்குப் போன பிள்ளைகள், அம்மாவோடு தறிக் குடோனில் நூலைத் தாரில் சுற்றுகிற பிள்ளைகள், திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசா, பீகாரிலிருந்து வந்து லைன் வீடுகளில் இருக்கிற குடும்பத்துப் பிள்ளைகள், இவர்கள் பெயர் எந்த வகுப்பு ரிஜிஸ்டரிலும் இருக்காது. தனியாரிடம் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். 2023-ல் வந்த நம் நாட்டுத் தயாரிப்பு செர்வாவேக்கே ஒரு டோஸ் ஏறக்குறைய 2,000 ரூபாய். அதைப் போடும் அட்டவணைப்படி 14 வயது வரை இரண்டு டோஸ், 15 ஆகிவிட்டால் மூன்று. காசில்லாமல் தள்ளிப்போடுகிற வீட்டுக்குத்தான் செலவு இன்னும் ஏறுகிறது.

காசு மட்டும்தான் தடை என்றும் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் ஒரு அம்மாவிடம் இந்த ஊசியைப் பற்றிப் பேசினேன். "தெரட்டிச்சீர் (வயசுக்கு வந்த சடங்கு) முடிஞ்சு ஒரு வருசம் ஆகலைங்க, அதுக்குள்ள கர்ப்பப்பைக்கு ஊசி போட்டான்னா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல என்னங்க நினைப்பாங்க?" என்றார். குழந்தை பிறக்காமல் போய்விடும் என்ற பயமும் இருந்தது, அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கிருமி தொற்றும் முன்பே போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் இந்த வயது என்று எடுத்துச் சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தார். அவருடைய மகனுக்கும் மகளுக்கும் 10 வயதில் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பு) ஊசி போட்டபோது கல்யாணப் பேச்சே எழவில்லை.

அப்புறம் பையன்கள். இதே வைரஸ் ஆண்களுக்கும் தொண்டையிலும் ஆசனவாயிலும் ஆண்குறியிலும் புற்றுநோயைக் கொண்டுவரும். செர்வாவேக் ஆண் பிள்ளைகளுக்கும் அனுமதிக்கப்பட்டதுதான். ஆஸ்திரேலியாவில் 2007-ல் பெண்களுக்கு ஆரம்பித்து 2013-ல் பையன்களையும் சேர்த்துவிட்டார்கள். இங்கேயும் இருபாலருக்கும் போட்டால் அந்த அம்மா பயப்படுகிற ஊர்ப்பேச்சுக்கே இடமிருக்காது. கையிருப்பு குறைவு, முதலில் பெண்களுக்கு என்றால் சரி, அது நியாயம். பையன்களுக்கு எப்போது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: மில் ஹாஸ்டல்களுக்கும் லைன் வீடுகளுக்கும் நர்ஸம்மாக்களை அனுப்புங்கள், வார லீவு நாளில் முகாம் போடுங்கள், 14-ல் விட்டுப்போன பிள்ளைக்கு 15, 16 வயதிலும் இலவசமாகப் போடுங்கள். வேலை நாளில் ஊசி போட நேர்ந்தால், மில் முதலாளிகள் அன்று சம்பளம் பிடிக்காமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பல்லடம்.