மேகமலையின் வௌவால் குகைகளைக் காக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டதிலிருந்து மேகமலை என்றாலே புலியும் யானையும்தான் பேசப்படுகின்றன. உலகின் அரிய பாலூட்டிகளுள் ஒன்றான சாலிம் அலி பழந்தின்னி வௌவால் முதன்முதலில் கிடைத்தது இதே மலையில்தான் என்பது அடிவாரத்தில் வாழும் எங்களில் பலருக்கே தெரியாது.

1948-ல் இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன் இங்கே பிடித்த அந்த வௌவால், ஊர்ப்புறங்களில் சாதாரணமாகக் காணப்படும் குட்டைமூக்கு வௌவால் என்று கருதப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் 24 ஆண்டுகள் கிடந்தது. வெளியே வால் இல்லாததையும், கீழ்த்தாடையில் ஒரே ஒரு இணை வெட்டுப்பற்களே இருப்பதையும் கவனித்த தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா, 1972-ல் இதைத் தனிப் பேரினமாகவே அறிவித்துப் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். அப்போதும் உலகறிந்தது அந்த ஒற்றை உடலைத்தான். இனமே அழிந்திருக்கலாம் என்ற ஐயம், 1993-ல் ஆய்வாளர்கள் மேகமலையில் இதை மீண்டும் உயிருடன் கண்ட பிறகே நீங்கியது. பின்னர் களக்காடு–முண்டந்துறையிலும் கேரளத்தின் பெரியாறு பகுதியிலும் இது பதிவாகியுள்ளது.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இந்த வௌவாலுக்கு இடமுண்டு. ஆயினும், ஆஸ்துமாவுக்கு மருந்தென்று நம்பி வௌவால் இறைச்சியைத் தேடுவோர் இன்னும் இருக்கிறார்கள். இருட்டில் வலை விரிப்பவருக்கு எது அரிய இனம், எது சாதாரண இனம் என்று எப்படித் தெரியும்? பல்லைப் பார்த்துத்தான் அறிஞர்களே இனம் பிரித்தார்கள் என்னும்போது, எல்லா வௌவால்களின் உறைவிடங்களையும் சேர்த்துக் காப்பதொன்றே வழி. வௌவால்களுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசைத் தவிர்க்கும் ஊர்கள் உள்ள மாநிலத்தில் இது இயலாத காரியமன்று.

எனவே, மலையை நன்கறிந்த பளியர் பழங்குடி மக்களை உரிய ஊதியத்துடன் இணைத்துக்கொண்டு, இவை தங்கும் குகைகளையும் பாறையிடுக்குகளையும் வனத்துறை ஆண்டுதோறும் கணக்கெடுக்க வேண்டும். அவற்றின் இருப்பிடத்தை வெளியிடாமல், வேட்டையும் புகைமூட்டமும் அங்கே நெருங்காதபடி காவல் அமைக்க வேண்டும். தோட்டங்களை ஒட்டிய சோலைகளில் இவற்றுக்கு உணவாகும் அத்தி மரங்கள் வெட்டப்படுவதையும் மாவட்ட நிர்வாகம் உடனே தடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கம்பம்