சார்ஜர் வாங்க முதல் எர்த்தைப் பார், மச்சான்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் நோ குறைந்தது கேட்டு பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். மகளுக்கு வளாகத்தில் இது கடைசி வருடம், படிப்பும் பரபரப்புமாக இருக்கிறாள்.

வவுனியாவில் நிசானின் மின்சாரக் காரான லீஃப், பழையது ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும், சார்ஜருக்கு இப்போதே கொழும்பில் ஓடர் கொடுக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. காசு கட்ட முதல் வீட்டு மெயின் போட்டையும் எர்த்தையும் விஷயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்ப்பித்துவிடு. எங்கள் வீட்டில் சார்ஜர் பெட்டி வந்து சேர்ந்ததைவிட அது வேலை செய்ய வீட்டை ஆயத்தப்படுத்தியதுதான் பெரிய வேலை.

சுவரில் பூட்டுகிற பெட்டியைச் சார்ஜர் என்கிறோமே, உண்மையான சார்ஜர் காருக்குள்ளேதான் இருக்கிறது. பெட்டி காரோடு பேசி, வீட்டு ஆடலோட்டத்தை (ஏசி) பாதுகாப்பாக அனுப்பும், அவ்வளவுதான். அதை நேரோட்டமாக்கி (டிசி) பற்றரிக்குக் கொடுப்பது கார். முதல் காலத்து லீஃப்களில் பல 3.3 கிலோவாற் அளவில்தான் உள்வாங்கும். அப்படியான காருக்கு 22 கிலோவாற் பெட்டி வாங்கினாலும் கார் 3.3 தான் எடுக்கும். விற்கிறவர்கள் இதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், நீதான் கேட்க வேண்டும்.

அடுத்தது உன் வீட்டு இணைப்பு. 7 கிலோவாற் பெட்டி முழு வேகத்தில் ஓடினால் 32 அம்பியர் இழுக்கும். எங்கள் வீடுகளில் அனேகமாக இருப்பது 30 அம்பியர் ஒற்றைப் பேஸ். அதற்குள்தான் கிணற்று மோட்டர், பிரிட்ஜ், அயன் எல்லாம். நான் எடுத்த பெட்டியில் அம்பியரைக் குறைத்து வைக்கலாம் என்பதால் 16இல் வைத்திருக்கிறோம். இரவு பத்தரைக்குப் பிறகு கொழுவிவிட்டால் விடியும்போது தேவைக்கு ஏறியிருக்கும். மாலை ஆறரை தொடக்கம் பத்தரை வரை நாடே கரண்ட் இழுக்கிற நேரம், அப்போது நான் கொழுவுவதில்லை.

எர்த் விஷயத்தை வடிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் முறையில் எர்த் கரண்ட் லைனோடு வருவதில்லை, அவரவர் வளவு மண்ணில்தான் போட வேண்டும். கொக்குவில் மண்ணை உனக்குத் தெரியும்தானே, மேலே கொஞ்சம் செம்மண், கீழே சுண்ணாம்புக்கல். வயரிங் செய்ய வந்த தம்பி போர்ட்டிகோ பக்கத்தில் கம்பியை அடிக்க, கொஞ்சத் தூரம் போனதும் கல்லில் இடித்து நின்றுவிட்டது. எர்த் பார்க்கிற மீற்றரைப் பிடித்துப் பார்த்து, சரிவராது என்று தலையை ஆட்டினார். பிறகு வளவைச் சுற்றி நடந்து, கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற வாழைப் பாத்தியில் போய் நின்றார். எந்தக் கோடையிலும் ஈரம் காயாத இடம். அங்கே இரண்டு கம்பிகளை இடைவெளி விட்டு இறக்கி, பச்சை வயரால் சேர்த்து மதிலோரமாகக் கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் மீற்றரில் அவருக்குத் திருப்தியான கணக்கு வந்தது. எர்த் சரியில்லை என்றால் சில பெட்டிகள் சிவப்பு லைற் காட்டித் தொடங்காமலே நிற்கும். அது நல்லதற்குத்தான், மழையில் நனைந்த கையோடு பிள்ளைகள் தொடுகிற சாமான்.

கரண்ட் கசிந்தால் தானாக வெட்டிவிடுகிற ட்ரிப் சுவிச்சும் அப்படித்தான். வீட்டிலுள்ள சாதாரணமானது நேரோட்டக் கசிவைப் பிடிக்காது. பெட்டிக்குள் அந்தப் பாதுகாப்பு இருக்கிறதா, வெளியே எந்த வகை ட்ரிப் போட வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கு. பெட்டிக்குத் தனி வயர் மெயின் போட்டிலிருந்தே வரட்டும். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் 13 அம்பியர் பிளக்கிலேயே இரவிரவாக ஏற்றி வந்தார். ஒருநாள் கழற்றப் போனால் ஊசியடி கருகி, பிளாஸ்ரிக் இளகிச் சொக்கற்றோடு ஒட்டியிருந்தது. பார்க்கவே வயிறு பற்றியது.

எங்கள் சார்ஜர் வந்த பார்சல் கதைக்கு வருகிறேன். கொழும்பிலிருந்து அனுப்பிவிட்டோம் என்று செய்தி வந்தது, பிறகு சத்தமில்லை. போன் எடுத்தால், ஒழுங்கை பிடிபடவில்லை என்று பட்டணத்துக் கிளையிலேயே வைத்திருக்கிறார்களாம். கோயிலையும் சந்தியையும் அடையாளம் சொல்லி வரவழைத்தேன். பார்சலின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. கையெழுத்து வைக்க முதல் கேற்றடியிலேயே பிரித்துப் படம் எடுத்தேன். சார்ஜருக்குச் சேதமில்லை, ஆனால் சுவரில் பூட்டுகிற தகட்டைக் காணோம். படம் இருந்தபடியால் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் அனுப்பி வைத்தார். நீயும் அப்படிச் செய். வயர் நுனியையும் பார்: லீஃபுக்கு ரைப் 1, ஐந்து ஊசி. என் காருக்கு ரைப் 2, ஏழு ஊசி. லீஃபுக்குச் சார்ஜ் வாய் மூக்கில் இருப்பதால் எந்தச் சுவரில் பூட்டுவது என்றும் யோசித்து வை. காரை எடுக்க முதல், பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மீற்றர் தட்டில் காட்டுகிற கோடுகள் 12இல் எத்தனை மிச்சம் என்று பார். எங்கள் வெயில் அந்தப் பற்றரிக்குக் கூடாது.

முதல்நாள் இரவு காரைக் கொழுவிவிட்டு நிற்க, உன் அப்பாவின் பழைய ஒஸ்ரின் ஏ40 கார்தான் நினைவுக்கு வந்தது. கரண்டே இல்லாத தொண்ணூறுகளில் அதைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பின்னால் புகையோடு எங்களை ரியூசனுக்கு ஏற்றிப் போவாரே. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோதும் அவரைத்தான் நினைத்தேன். அவர் இருந்திருந்தால் இந்தப் பெட்டியைக் கழற்றிப் பார்க்காமல் விட்டிருக்க மாட்டார்.

சரி, மெயின் போட்டையும் காரின் சார்ஜ் வாயையும் படம் எடுத்துப் போனில் அனுப்பு. எங்கள் வயரிங் தம்பி வவுனியாப் பக்கமும் வேலைக்கு வருகிறவர், நான் கேட்டுச் சொல்கிறேன். அவர் பார்க்கும்வரை ஓடர் கொடுக்காதே. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன் மச்சான்