பட்டன் பற்றிக் கேட்டிருந்தாயே, மக்கா

தக்கலை
ஆடி கடைசி ஞாயிறு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழையைச் சாக்கு சொல்லலாம். இந்த வருஷம் சாரல் விட்டபாடில்லை, இடி விழுந்து போன மோடம்களும் டிவி போர்டுகளும் கடையில் குவிந்து கிடக்கின்றன. ஆனால் உண்மை அதுவல்ல. உன் கேள்விக்கு என்ன பதில் எழுதுவது என்று பிடிபடாமல்தான் தள்ளிப்போட்டேன். உன் மின்சிகரெட் பேட்டரியின் பட்டன் உள்ளே போய்விட்டதாம், கிறிஸ்துமஸுக்கு வரும்போது கொண்டுவருவாயாம், நான் சரிசெய்து தர வேண்டுமாம்.

முதலில் ஒன்று: அதைக் கொண்டுவராதே. லெஸ்டரில் அது தெருமுனைக் கடையில் கிடைக்கிற சாமான். இங்கே 2019-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். செய்வது, விற்பது, இறக்குமதி செய்வது, கொண்டுபோவது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், சில நேரம் இரண்டும். திருவனந்தபுரத்தில் இறங்கி, கஸ்டம்ஸ்காரரிடம் "ரிப்பேர் பண்ண எடுத்துட்டு வந்தேன் சார், தக்கலையில ஒரு கூட்டாளி இருக்கான்" என்று நீ சொல்வதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. உன் அம்மாவுக்கு வராது.

ஆகவே நீயே செய். பாலிடெக்னிக்கில் சால்டரிங் செய்தால் என்னைவிட உனக்குத்தான் ஈயம் சுத்தமாக நிற்கும். கோடவுன் வேலைக்குப் போனதால் கை மறந்திருக்காது.

பட்டன் உள்ளே போனதைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி போட்டிருக்கிறாய்: "சில நேரம் நான் தொடாமலேயே லைட் எரிகிறது." மக்கா, அந்த வரியைத்தான் நீ முதலில் எழுதியிருக்க வேண்டும். அமுக்கினால் வேலை செய்யாத பட்டன் தொல்லை, அவ்வளவுதான். அமுக்காமலே வேலை செய்கிற பட்டன் ஆபத்து. சட்டைப் பையில் கிடக்கும்போது காயில், அதாவது திரவத்தைச் சூடாக்கிப் புகையாக்குகிற கம்பிச் சுருள், தானாகச் சிவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். இதைப் படித்த உடனே மேலே இருக்கிற, திரவமும் காயிலும் அடங்கிய டாங்கைக் கழற்றித் தனியாக வை. காயில் இல்லையென்றால் சூடு இல்லை. மற்றதை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உனக்கே வழி தெரியும். அந்தக் குழாய்க்குள் ஒற்றை லித்தியம் செல். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், சராசரியாக 3.7. உன் காயில் 2 ஓம் என்று எழுதியிருக்கிறாய், அப்படியானால் ஏறக்குறைய 1.85 ஆம்பியர் ஓடும். பட்டனுக்கு அடியில் இருக்கிற குட்டிச் சுவிட்ச் பெரும்பாலும் 50 மில்லி ஆம்பியருக்குச் செய்தது. இவ்வளவு கரண்ட் அது வழியாகப் போனால் ஒரே நாளில் கருகிவிடும். ஆனால் போவதில்லை. உங்கள் வீட்டுக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி நினைவிருக்கிறதா? பச்சைப் பட்டன் மோட்டாரின் கரண்டைத் தாங்குவதில்லை, உள்ளே இருக்கிற கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சுக்குச் சொல்லிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. இங்கேயும் அதே கதைதான். பட்டன் ஒரு சிப்பிடம் சொல்கிறது, சிப் ஒரு மாஸ்ஃபெட்டை, அதாவது அசையும் பாகமில்லாத மின்னணுச் சுவிட்சை, திறக்கிறது, கரண்ட் அதன் வழியாகப் போகிறது. பத்து விநாடிக்கு மேல் அமுக்கிப் பிடித்தால் சிப் தானே நிறுத்திவிடும், இந்த வகைப் பேட்டரிகளில் பெரும்பாலும் அப்படித்தான். அதை நம்பி இருந்துவிடாதே. பசை பிடித்த சுவிட்ச் விட்டுவிட்டுத் தொட்டால் ஒவ்வொரு தொடலுக்கும் அந்தப் பத்து விநாடி புதிதாகத் தொடங்கும்.

சரி, சுவிட்சுக்கு வருவோம். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவில் தகரத் தவளை வாங்குவோமே, வயிற்றை அமுக்கினால் டக்கு டக்கு என்று சத்தம் போடுமே, அதேதான். உள்ளே வளைந்த மெல்லிய உலோகத் தகடு ஒன்று, குமிழ் போல. அமுக்கினால் டக்கென்று கீழே மடங்கி இரண்டு முனைகளைச் சேர்க்கும், விட்டால் நிமிரும். ஒரு லட்சம் தடவை தாங்கும் என்ற கணக்கில் செய்கிறார்கள், சிலது கூடுதலாகவும் தாங்கும். நீ நாளைக்கு இருநூறு இழுப்பு என்று வைத்தால் ஐந்நூறு நாளில் லட்சம் முடிந்தது. அன்றைக்கு நீ பத்து சிகரெட் பிடிப்பாய், ஒன்றுக்குப் பத்து இழுப்பு வைத்தாலும் நூறு தாண்டாது. இப்போது முடிவு என்று ஒன்று இல்லை, சாம்பலும் விழுவதில்லை, கணக்கும் இல்லை. திட்டவில்லை, பட்டனின் ஆயுளைத்தான் கணக்குப் போட்டேன்.

திறப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இரண்டு உண்டு. ஐந்து தடவை வேகமாக அமுக்கினால் இந்தப் பேட்டரி அணையும், மறுபடி ஐந்து தடவை அமுக்கினால் எழும்பும். பைக்குள் கிடந்து தானாக அணைந்திருப்பதைப் பார்த்து "செத்துப்போச்சு" என்று தூக்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். இரண்டாவது, அமுக்கும்போது லைட் எரிந்து புகை மட்டும் வரவில்லையென்றால் பட்டன் மேல் பழி போடாதே. டாங்க் திருகுகிற இடத்தில் நடுவே ஒரு சின்ன முள் இருக்கும். நீ இறுக்கித் திருகித் திருகி அது கீழே அமுங்கியிருக்கும், காயிலைத் தொடாது. பேட்டரியை அணைத்துவிட்டு, மெல்ல ஒரு மயிரளவு மேலே நெம்பு. ஊரில் என்றால் ஈர்க்கில் போதும் என்பேன், அங்கே பல்குத்தும் குச்சியை எடுத்துக்கொள். ஊசியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம். நடு முள்ளும் வெளி மரையும் இரும்பால் சேர்ந்தால் அது ஷார்ட்.

உன் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் பசை மேல்தான். டாங்கில் ஊற்றுகிற திரவத்தில் ஏறக்குறைய பாதி கிளிசரின். அது காயாது, காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். டாங்க் கசிந்து பட்டனைச் சுற்றி இறங்கினால் சுவிட்ச் ஒட்டிக்கொள்ளும், சில இடத்தில் கசிவே இரண்டு முனைகளுக்கும் பாலமாகிவிடும். இது எனக்குப் புதிதல்ல. தூத்தூர்ப் பக்கத்து மீன்பிடிக்காரர்கள் ஆழ்கடலுக்குக் கொண்டுபோகிற ஜிபிஎஸ் பெட்டிகள் என்னிடம் வரும், எல்லாவற்றிலும் இதே நோய். அங்கே உப்பு, உனக்குக் கிளிசரின். இரண்டும் ஈரத்தை விடாது.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கு, தண்ணீர் கலக்காதது. பேட்டரியை அணைத்துவிட்டு, பட்டனின் ஓரத்தில் இரண்டு சொட்டு விடு. முப்பது நாற்பது தடவை அமுக்கிவிட்டுத் துணியால் ஒற்றி எடு. கறுப்பாக வருகிறதா, மறுபடி விடு. அமுக்கும்போது அது விழித்துக்கொண்டு லைட் அடிக்கும், பயப்படாதே, டாங்க்தான் இல்லையே. ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் பார். பாதிப் பட்டன்கள் இதோடு எழும்பிவிடும். தண்ணீரும் தேங்காய் எண்ணெயும் வேண்டவே வேண்டாம். சிரிக்காதே, இங்கே எண்ணெய் விட்டுக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதற்கும் அசையவில்லையென்றால் மேலே இருக்கிற பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்று. ஓரத்தில் மெல்லிய முனையைக் கொடுத்து நெம்பினால் வரும். அதன் அடியில் ஒரு சின்னக் கால் இருக்கும், அதுதான் சுவிட்சைத் தொடுகிறது. அது தேய்ந்தோ ஒடிந்தோ போனால் தொப்பி உள்ளே விழும். விரல் முழுக்க அமுக்கினாலும் கீழே எட்டாது. நீ "உள்ளே போய்விட்டது" என்று எழுதியது இதுவாக இருந்தால் பிழைத்தாய். குச்சியால் சுவிட்சை நேராக அமுக்கிப் பார். டக் என்று கேட்டு லைட் எரிந்தால் சுவிட்ச் நல்லது. ஒயர்களைக் கட்டுகிற பிளாஸ்டிக் கேபிள் டையில் ஒரு துண்டு வெட்டித் தொப்பியின் அடியில் ஒட்டினால் தீர்ந்தது. உயரம்தான் முக்கியம். கூடிப்போனால் பட்டன் எப்போதும் அமுங்கியே நிற்கும், நாம் பயந்த இடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம். குறைவாக வைத்துப் பார்த்து, பிறகு கூட்டு.

ஒட்டுகிற பசையை எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஒரு பழைய வடு உண்டு. கடை தொடங்கின இரண்டாம் வருஷம், ஒரு ஜிபிஎஸ்ஸின் பட்டனை ஃபெவிக்விக் வைத்து ஒட்டினேன், அதை அதன் இடத்தில் வைத்தபடியே. அந்தப் பசை தண்ணீர் மாதிரி இடுக்கில் ஓடும். சுவிட்சுக்குள் போய்க் குமிழைக் கல்லாக்கிவிட்டது. அந்த மனுஷனின் படகு மறுநாள் விடியற்காலையில் புறப்பட வேண்டும். நாகர்கோவில் முழுக்க அலைந்து, ஒரு பழைய போர்டிலிருந்து சுவிட்சைப் பிடுங்கி, ராத்திரி ஒரு மணிக்கு மாற்றிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அவர் திட்டவும் இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆகவே தொப்பியை வெளியே எடுத்து, வெளியே வைத்து ஒட்டி, முழுக்கக் காய்ந்த பிறகு உள்ளே வை.

சுவிட்சே போயிருந்தால் மாற்ற வேண்டும். திருகு மரையைப் பிடித்து ஆட்டினால் போர்டு மெல்ல வெளியே வரும், இழுக்காதே, செல்லுக்குப் போகிற ஒயர் தலைமுடி மாதிரி இருக்கும். சுவிட்சுக்கு நாலு கால், இரண்டிரண்டாக உள்ளே சேர்ந்திருக்கும். மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கிற இடத்தில் வைத்தால் எது எதோடு என்று தெரிந்துவிடும். அளவு பார்த்து வாங்கு, நீளம் அகலத்தோடு உயரமும். ஈயம் வைப்பதற்கு முன்னால் செல்லின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதன் முனையில் மஞ்சள் டேப் சுற்றிவிடு. முழுச் சார்ஜில் வைத்து வேலை பார்க்காதே. செல்லின் உடம்பில் சூடு படவே கூடாது. அது ரேடியோவுக்குப் போடுகிற எவரெடி இல்லை, உள்ளே ஷார்ட் ஆனால் அதன் சூடே அடுத்த சூட்டுக்கு எண்ணெய் ஊற்றும், நிறுத்த முடியாது.

குழாயைத் திறந்ததும் செல் வீங்கியிருந்தாலோ, நசுங்கியிருந்தாலோ, இனிப்பும் மருந்தும் கலந்த மாதிரி வாடை வந்தாலோ அப்படியே மூடி வெளியே கொண்டுபோய் வை. உன் கைத்திறமையைக் காட்ட அது இடம் இல்லை. குப்பைத்தொட்டியிலும் போடாதே. அங்கே மின்சிகரெட் விற்கிற கடையே பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி உண்டே. 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை இழுத்து எறிகிற வகையை உங்கள் நாட்டில் விற்கவே கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். நல்ல காரியம். ஒரு நல்ல லித்தியம் செல்லை ஒரு வாரத்தில் சாக்கடையில் எறிவதைப் பார்க்க என் போன்றவனுக்கு வயிறு எரியும். நீ ரிப்பேர் செய்ய நினைத்தாயே, அதில் எனக்குச் சந்தோஷம்தான். எதை ரிப்பேர் செய்கிறாய் என்பதில் கொஞ்சம் குறைவு.

உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறைக்குப் பின்னால் உட்கார்ந்து முதல் பீடியை இழுத்தோமே. நீ இருமின இருமலில் அந்த டச்சுக்காரத் தளபதியே எழும்பிவிடுவான் என்று நான் பயந்தேன். 1741-இல் குளச்சலில் தோற்றவன், நம்மிடமும் தோற்றிருப்பான். போன மாதம் அந்த வழியாகப் போனேன். மரங்கள் அப்படியே இருக்கின்றன. நான் விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது, வாசனை வந்தால் இன்னும் தலை திரும்புகிறது. அதனால் உன்னை ஒன்றும் சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஊர்ச் செய்தி வேறென்ன? மூத்தவளுக்கு மார்த்தாண்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் வந்தது உனக்குத் தெரியும், 77 மீட்டர். பிள்ளைகள் ஓடினார்கள், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நடந்தேன்.

நேற்று உன் அம்மா டிவி ரிமோட்டோடு வந்தார்கள். சத்தம் கூட்டுகிற பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை. அதற்குள் சுவிட்ச் இல்லை, ரப்பருக்கு அடியில் கரி பூசியிருக்கும், அது தேய்ந்துவிட்டது. துடைத்துவிட்டுக் கறுப்புப் பென்சிலை நன்றாகத் தேய்த்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றதும் ஒரு சீப்பு மட்டிப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, "அவன் சிகரெட்ட விட்டுட்டானா மக்களே, உங்கிட்ட உண்மையச் சொல்லுவான்" என்று கேட்டார்கள்.

"இப்போதைக்குப் பட்டன் கெட்டுக் கிடக்கு அம்மா" என்றேன். ரிமோட்டைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "அதத்தான் நீ சரியாக்கிட்டியே" என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

டாங்கைக் கழற்றினாயா என்று மட்டும் உடனே ஒரு வரி எழுது.

உன் பழைய கூட்டாளி