அது பைத்தியம் இல்லை, மாப்ளே

மன்னார்குடி
அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூன்று தடவை படித்துவிட்டேன். மார்ச் 8-ஆம் தேதி லண்டன் அப்பல்லோ அரங்கத்தில், ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவுக்கு நடுவில் நம் இளையராஜா வந்து நின்றதும் உனக்குக் கை நடுங்கியது என்று எழுதியிருக்கிறாய். 81 வயதில் அவர் மேடைக்கு நடந்து வந்ததை இரண்டு பக்கம் எழுதிய நீ, சிம்பொனியைப் பற்றி நாலே வரிதான் எழுதியிருக்கிறாய். அடுத்த கடிதத்தில் அதை நிறுத்தி நிதானமாக எழுது. நான் இங்கே உட்கார்ந்து கேட்க வேண்டும்.

1993-ல் இதே குழுவோடு அவர் ஒரு சிம்பொனி பதிவு செய்கிறார் என்று பேப்பரில் பார்த்துவிட்டு, நீ சைக்கிளில் ஓடி வந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அந்தக் கேசட் இன்று வரும், நாளை வரும் என்று இரண்டு பேரும் கடைக்கு நடையாய் நடந்தோம். அது வெளிவரவே இல்லை. நீ வேலைக்குப் போனாய், எனக்குக் கல்யாணம் ஆனது, அப்புறம் கேசட்டே இல்லாமல் போனது. 32 வருஷம் கழித்து இன்னொரு சிம்பொனி, அதை நீ நேரில் கேட்டிருக்கிறாய். நம் இரண்டு பேரில் ஒருவனாவது அங்கே இருந்தானே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒன்று எழுதியிருக்கிறாய் பார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ‘அந்த வயசில் நாம் பைத்தியமாகத்தான் இருந்தோம்.’ இல்லை மாப்ளே, அது பைத்தியம் இல்லை. இதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். பரணை ஒழித்தபோது நம் நோட்டு கிடைத்தது. இரண்டு குயர் நோட்டு, அட்டையில் வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய அவர் படம். மூலையைக் கரையான் தின்றிருக்கிறது, எழுத்துக்குச் சேதமில்லை. ஒன்பதாவது படிக்கும்போது தொடங்கியது. படம், பாட்டு, பாடியவர், எழுதியவர், ராகம் என்று நீ ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஐந்து கட்டம். முதல் வரி அன்னக்கிளி, 1976. அது வந்தபோது நமக்கு ஆறு வயது. பின்னால் தேடிப் பிடித்து எழுதினோம். வாரத்துக்கு ஒரு படம் என்ற கணக்கில் அவர் இசையமைத்துத் தள்ளிய காலம் அது. இலங்கை வானொலியையும் விவிதபாரதியையும் காதில் ஒட்டிக்கொண்டு, பாடியவர் பெயரை அறிவிப்பாளர் சொல்லும் அந்த ஒரு நொடிக்காக நாம் பேனாவோடு உட்கார்ந்திருந்தது, பரீட்சைக்குக்கூட உட்காராத உட்கார்வு.

நாலு கட்டம் நிரம்பிவிடும். ஐந்தாவது கட்டம் மட்டும் பக்கம் பக்கமாகக் காலி. ராகம் என்றால் என்னவென்று நம் இரண்டு வீட்டிலும் சொல்ல ஆள் இல்லை. அதற்காகத்தானே கோயில் நாகஸ்வரக்காரரிடம் போனோம்? உன் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த டூ இன் ஒன்னைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, ராஜகோபாலசாமி கோயில் மண்டபத்தில், சாயரட்சை முடிந்து அவர் சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றோம். சினிமாப் பாட்டா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீதான் விடாமல் பட்டனை அமுக்கினாய்.

சிந்து பைரவி படம் வந்த 1985-ஆம் வருஷம் அது. முதலில் ‘கலைவாணியே’. அவர் தொடையில் விரல் போட்டு எண்ணிக்கொண்டே கேட்டார். மறுபடி போடு என்றார். மூன்றாவது தடவை முடிந்ததும், ‘ஏறிக்கிட்டேதான்டா இருக்கான், இறங்கவே இல்லையே’ என்றார். நமக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் நாகஸ்வரத்தை எடுத்துக் கல்யாணி ராகத்தில் ஏறிக் காட்டி, இறங்கிக் காட்டி, எந்தப் பாட்டும் இரண்டும் கலந்துதான் நடக்கும், இவன் ஏறுகிற ஆரோகணத்தை மட்டும் வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் கட்டியிருக்கிறான் என்று சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பேனாவை வாங்கி அவரே எழுதினார். இருக்கிறது மாப்ளே, நோட்டில் இன்னும் இருக்கிறது. ‘கல்யாணி. ஆரோகணம் மட்டும்.’ சாய்ந்த எழுத்து, நீல மை.

அடுத்த பாட்டில் அவருக்குக் கோபம் வந்ததும் நினைவிருக்கும். தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ காம்போதி ராகக் கீர்த்தனை, அதைச் சாரமதி ராகத்தில் போடுவதற்கு இவன் யார் என்று எழுந்தே விட்டார். நாம் பயந்துபோய்ப் பெட்டியை அணைத்தோம். காம்போதி என்றால் என்னவென்று தெரியுமாடா உங்களுக்கு என்று கேட்டுவிட்டு, அந்தக் கோபத்திலேயே ஒரு மணி நேரம் வாசித்தார். வெளவால்கள் பறக்க ஆரம்பித்து, கோயில்காரர் நடை சாத்த வந்து நின்றும் அவர் நிறுத்தவில்லை. கடைசிவரைக்கும் அவர் அந்த மாற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் படத்துக்காக ராஜாவுக்கும் பாடகி சித்ராவுக்கும் தேசிய விருது வந்த செய்தியைச் சொன்னபோதும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு இன்றும் அந்தச் சாரமதி பிடிக்கும். ஆனால் காம்போதியை நான் தெரிந்துகொண்டது அவர் கோபத்தால்தான். அந்தக் கேசட் இல்லாவிட்டால் ஆயுசுக்கும் நாம் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

அப்புறம் 1986-ல் ராஜாவின் ஹவ் டு நேம் இட் வந்தது. பாட்டே இல்லாத கேசட். கடைக்காரர், இதில் யார் தம்பி பாடியிருக்கிறார்கள் என்று நம்மையே கேட்டார். முதல் தடவை கேட்டபோது ஏமாற்றமாக இருந்தது என்று நீ சொன்னாய். எனக்கும்தான், ஆனால் வெளியே சொல்லவில்லை. வி.எஸ். நரசிம்மனின் வயலின் மட்டும் மனசில் நின்றது. அந்தக் கேசட்டை ராஜா தியாகராஜருக்கும் பாக் என்பவருக்கும் சமர்ப்பித்திருந்தார். தியாகராஜரை நாகஸ்வரக்காரர் மூலம் கொஞ்சம் தெரியும். இந்த பாக் யார்?

நம் கணக்கு வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பார் என்று நீ எங்கிருந்தோ கேட்டுக்கொண்டு வந்தாய். வகுப்பில் அவரைக் கண்டாலே நடுங்குகிற நாம், நம் காலாலேயே அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினோம். அவர் அந்தக் கேசட்டில், பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாக ராஜா பெயர் வைத்திருக்கும் உருப்படியைக் கேட்டுவிட்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். அதில் ஓடும் வயலின், முன்னூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் இசைமேதை பாக் தனி வயலினுக்காக எழுதிய ஒன்று. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, அதன் பக்கத்தில் ராஜா தன்னுடைய வழியைப் போட்டு நடக்கிறார் என்று சொன்னார். பிறகு ஆர்மோனியத்தில் வலது கையில் ஒரு மெட்டு, இடது கையில் வேறொரு மெட்டு. ஒன்றுக்கு ஒன்று துணைக்கு வாசிக்கவில்லை, இரண்டும் தனித்தனி ஆட்கள், ஒரே தெருவில் பேசிக்கொண்டே நடக்கிறார்கள் என்று சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பழைய பாட்டுகளை எல்லாம் திரும்பப் போட்டேன். அதுவரை தும் தும் என்று காதில் விழுந்த பேஸ் கிடார், பாடகருக்குக் கீழே தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாத்தியம் எதையும் தொடாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு வயலினுக்கும் ஒவ்வொரு புல்லாங்குழலுக்கும் தன் கையால் நொட்டேஷன், அதாவது இசைக்குறிப்பு, எழுதிக் கொடுப்பவர் அவர் என்பதும் கணக்கு வாத்தியார் வாயால்தான் முதலில் கேட்டோம். பண்ணைப்புரத்திலிருந்து வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசை கற்றுக்கொண்டவர். கிராமத்துப் பையனுக்கு இதெல்லாம் வருமா என்று நாம் அதற்குப் பிறகு கேட்டதே இல்லை.

இன்னொன்று. தியாகராஜர் பிறந்த திருவாரூர் நமக்கு ஒரு மணி நேர பஸ். பதினாறு வயதுவரை தேர் பார்க்கப் போனோமே தவிர, அவர் பிறந்த வீட்டை எட்டிப் பார்த்ததில்லை. அந்தக் கேசட் வாங்கிய பிறகுதான் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நீ ரொம்ப நேரம் நின்றாய். என்ன நினைத்தாய் என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அவர் படத்தைப் பர்ஸில் வைத்திருந்தோம், அவரைக் குறைவாகப் பேசிய பையனிடம் சட்டை கிழியச் சண்டை போட்டோம், எல்லாம் உண்மைதான். உன் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிகிறது போலிருக்கிறது. எனக்கு அந்த மண்டபமும் ஆர்மோனியமும் தெரிகின்றன. எந்த ரசிகனையாவது அவன் விரும்புகிறவரின் பாட்டு இவ்வளவு தூரம் கூட்டிப் போயிருக்கிறது என்றால், அதற்குப் பைத்தியம் என்று பெயர் வைக்காதே.

மகளுக்கு இப்போது பதினாறு. அவளுக்கு அனிருத் என்றால் உயிர். புதுப் பாட்டு வெளியாகிற நாளில் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் காத்திருக்கிற முகத்தைப் பார்க்கிறேன். அசப்பில் நீதான். நான் ஒன்றும் சொல்வதில்லை. நோட்டைக் காட்டினேன். முதலில் சிரித்தாள், அப்புறம் படிக்க ஆரம்பித்து மதியச் சாப்பாட்டை மறந்தாள். ராகக் கட்டம் ஏன் பாதி காலியாக இருக்கிறது என்று கேட்டாள். நாகஸ்வரக்காரர் காலமாகி நாளாகிறது, அவருக்குப் பிறகு கேட்க ஆள் இல்லை என்றேன். அவளுடைய பாட்டு டீச்சரைக் கேட்கிறாளாம். இதுவரை பதினொரு கட்டம் நிரப்பியிருக்கிறாள், பென்சிலில். நீ வந்து பார்த்த பிறகுதான் பேனாவில் எழுதுவாளாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, உன்னை விசாரித்தாள். பங்குனி உற்சவத்துக்கு வர முடியவில்லை என்றாய், டிசம்பரிலாவது வா. நோட்டைத் தபாலில் அனுப்பச் சொல்லிக் கேட்காதே, அனுப்ப மாட்டேன்.

உன்,
பக்கத்து பெஞ்சுக்காரன்