கரிசலில் வீடு கட்டுமுன் மண்ணைச் சோதிக்க வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2011இல் கோவில்பட்டியில், கரிசல் மண்ணில், பி.எஃப். பணத்தைப் போட்டு வீடு கட்டினேன். சித்திரை வெயிலில் கடைக்காலுக்கு வானம் தோண்டினோம். "பாறை மாதிரி இருக்கு சார், நாலடி போதும்" என்றார் கொத்தனார். கடப்பாரை தெறித்ததைப் பார்த்து நானும் நம்பினேன். வரைபடத்தில் கையெழுத்திட்ட பொறியாளர் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் வருஷம் வடக்குச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் விட்டது. சித்திரையில் அதற்குள் ஐந்து ரூபாய் நாணயம் போகும். கார்த்திகையில் நகம்கூட நுழையாது. மூன்று முறை பூசினோம், மூன்று முறையும் அதே இடத்தில் பிளந்தது.

சென்ற ஆண்டு, மண் பொறியியல் பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்தார். விரிசல் இன்னும் நகர்கிறதா என்று அறிய, அதன் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டித் தேதி எழுதினார். சுவரோர மண்ணைக் காயவைத்துச் சலித்து, இரண்டு அளவு ஜாடிகளில் பத்துப் பத்து கிராம் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றினார். மறுநாள் மண்ணெண்ணெயில் உப்பாமல் 10 மில்லியாக நின்ற மண், தண்ணீரில் 19 மில்லிக்கு உப்பியிருந்தது. அவ்வளவுதான் சோதனை! முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவன் நான். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

கரிசல் சுமார் மூன்றரை மீட்டர் ஆழம்வரை மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். கடைக்கால் அதற்குள் நின்றால் வீடும் கூடவே அசையும். அடியில் குமிழ்போல் அகன்ற பைல்களை, அதாவது மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் தூண்களை, அந்த ஆழத்துக்கு இறக்கியிருக்க வேண்டும் என்றார் பேராசிரியர். ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்த முறையாம். குளியலறைத் தண்ணீரை அந்தச் சுவரோரம் விட்டதும் தவறு என்றார். அதை உடனே திருப்பிவிட்டேன்.

2014இல் சென்னை மௌலிவாக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது மண் பரிசோதனை பற்றி ஊரே பேசியது. அந்தப் பேச்சு அடுக்குமாடிகளோடு நின்றுவிட்டது. கரிசல் மாவட்டங்களில் தரைத்தள வீட்டுக்கும் மண் அறிக்கை கேட்ட பிறகே அனுமதி தர வேண்டும். அதற்கு அரசு பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் குறைந்த கட்டணத்தில் மண்ணைச் சோதித்து, கையெழுத்திட்ட கருத்துரை தர வேண்டும்.

வரும் தையில் என் மகள் எட்டயபுரம் சாலையில் வீடு தொடங்குகிறாள். முதலில் துளையிட்டு மண்ணைப் பார்த்துவிடுவோம், அப்புறம் வானம் தோண்டலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கோவில்பட்டி.