பனி என்ன நிறம், சோடாபுட்டி?

கோவை
23.3.2025, ஞாயிறு

அன்புள்ள சோடாபுட்டி,

இனிமேல் உன்னை இப்படிக் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் சொல்கிறாள். இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்தாகிவிட்டது, தூரத்துக்குக் கண்ணாடியே வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் நாற்பது வருஷமாக ஒட்டிக்கொண்ட பெயரை ஒரு டாக்டர் அரைமணி நேரத்தில் கழற்றிவிட முடியுமா என்ன? சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே.

"வெளுத்த வேட்டியெல்லாம் சொட்டு நீலம் கூடிப்போன மாதிரி தெரியுதுடா" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அப்போது நான் கணினித் திரையில் அதே நீலத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பயப்படாதே. பழுத்துப்போன பழைய லென்ஸ் இத்தனை வருஷம் நீலத்தைத் தின்றுகொண்டிருந்தது, இப்போது அது உள்ளே வருகிறது. ஓவியர் மோனேகூட 1923-ல் புரை எடுத்த பிறகு எல்லாம் நீலமாக இருக்கிறது என்று புலம்பியிருக்கிறார். பெரிய ஆட்கள் வரிசையில் சேர்ந்துவிட்டாய்.

சரி, என் கதை. ரிட்டயர் ஆனதும் பனிச்சறுக்கு கற்றுக்கொள்வேன் என்று நான் சொன்னபோது சிரித்தவர்களில் நீயும் ஒருவன். போய்விட்டு வந்துவிட்டேன். காஷ்மீரில் குல்மார்க், மார்ச் முதல் வாரம், ஐந்து நாள். முதலில் பிப்ரவரிக்குத்தான் டிக்கெட் போட்டிருந்தேன். இந்த வருஷம் அங்கே பனியே இல்லை. கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியையே பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள். நானும் தள்ளிவைத்தேன். மாதக் கடைசியில் கொட்டியது பார், அதில் தப்பித்தோம்.

குல்மார்க் 2,650 மீட்டர். உங்கள் ஊட்டியைவிட நானூறு மீட்டர்தான் அதிகம். ஆனால் நீங்கள் பதினொன்றாம் அட்சரேகைப் பாகையில் உட்கார்ந்து உறைபனிக்கே புல்வெளியை விடியற்காலையில் தேடுகிறீர்கள். அது முப்பத்து நாலாம் பாகை, வீட்டுக் கூரைவரை பனி. ஸ்ரீநகரிலிருந்து வாடகைக் காரில் தங்மார்க்வரை போய், அங்கே டயரில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். அந்தச் சங்கிலி ரோட்டில் அடிக்கும் சத்தம் இருக்கிறதே, டவுன் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறைப் பையைக் குலுக்கிக்கொண்டே வருவதுபோல. வெளியூர் பிரீபெய்டு சிம் அந்தப் பக்கம் வேலை செய்யாது, தெரியுமா? எனக்குத் தெரியாது. ஐந்து நாளும் யாரும் கூப்பிடவில்லை. பயணத்தில் பாதி சுகம் அதுதான்.

சறுக்கியதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. விழுந்ததைத்தான் எழுத முடியும். பயிற்சியாளர் இருபத்திரண்டு வயதுப் பையன். என் ஹிந்தி தூர்தர்ஷனில் கற்றது, அவன் ஹிந்தியில் பாதி காஷ்மீரி. ஆனாலும் நன்றாகப் புரிந்தது, ஏனென்றால் அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: முனைகளைச் சேர், குதிகாலை வெளியே தள்ளு, வி போடு. பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும். பின்னால் சாய்ந்தால் வேகம் கூடும். முன்னால் குனிந்து, முழங்காலுக்குக் கீழே முன்எலும்பு பூட்ஸில் அழுந்தும்படி நின்றால்தான் ஸ்கீ சொன்னபடி கேட்கும். ஐம்பத்தெட்டு வயது உடம்புக்கு, விழப்போகும் பக்கமாகவே குனி என்று சொல்லிப் புரியவைக்க இரண்டு நாள் ஆனது. மேலே இழுத்துப்போக ஒரு கம்பி, அதில் ஒரு வட்டத்தட்டு தொங்கும். கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் நாற்காலி என்று நினைத்து உட்கார்ந்தேன். பின்னால் வந்த ஏழு வயதுப் பெண் ஒருத்தி என்னைச் சுற்றிக்கொண்டு போனாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்காம் நாள் அந்தச் சின்னச் சரிவில் மேலிருந்து கீழ்வரை விழாமல் வந்தேன். சாட்சி உன் தங்கைதான். "காலை ஒடைச்சுக்கிட்டு வந்தா கஞ்சி வெச்சுத் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கேமராவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள். அவளுக்குப் பிடித்தது கொண்டோலா. பழநி ரோப் கார் மாதிரிதான், முருகன்தான் இல்லை என்றாள். முதல் கட்டம் கொங்தூரிவரை. இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் நாலாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் கீழே கொண்டுபோய் விடும். காற்று அடித்ததால் எங்களுக்கு இரண்டாம் கட்டம் ஒருநாள்தான் திறந்தது.

இனி உனக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பழைய நிக்கான் டி750-தான் கொண்டுபோனேன். முதல் நாள் எடுத்த படமெல்லாம் சாம்பல். தெரிந்த விஷயம்தானே, எதைக் காட்டினாலும் கேமராவின் ஒளிமீட்டர் அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். கரும்பலகையையும் சாம்பலாக்கும், பனியையும் சாம்பலாக்கும். படம் கழுவும் கல்லூரி இருட்டறையில் நீதான் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாய். அப்படியும் குளிரில் மறந்துபோனது. அப்புறம் மீட்டர் சொன்னதைவிட ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் கூட்டிவைத்து எடுத்தேன். பேட்டரி அறுபது சதவீதம் காட்டிக்கொண்டே சட்டென்று செத்துவிடும். அக்குளில் பத்து நிமிஷம் வைத்தால் உயிர் வரும். விடுதிப் பையன் ஃபெரனுக்குள், அதான் காஷ்மீரிகளின் தொளதொள அங்கி, காங்கிரி வைத்துக்கொண்டு, அந்தக் கங்குச்சட்டி மேலேயே பேட்டரியை வைத்துச் சூடாக்கித் தரட்டுமா என்று அன்போடு கேட்டான். கும்பிட்டுவிட்டுப் பேட்டரியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் வெளியிலிருந்து கேமராவோடு நேரே ஹீட்டர் அறைக்குள் போனேன், லென்ஸ் முழுக்க வேர்த்துவிட்டது. மறுநாளிலிருந்து வெளியிலேயே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, உள்ளே கொண்டுவந்து ஒரு மணி நேரம் தொடவே இல்லை. ஊட்டியில் டிசம்பரில் நீ துண்டில் சுற்றிவைப்பாயே, அதே கதை.

நீலம் என்றேனே. பனியில் வெயில் படும் இடம் வெள்ளை. நிழலுக்குள் வெயில் வராது, வானத்து வெளிச்சம் மட்டும்தான் விழும், அதனால் நீலம். இது பிழையே இல்லை. ஆனால் ஊருக்கு வந்து, படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளைத் திறந்ததும் எனக்குக் கை அரித்தது. எது வெள்ளை என்று காட்டும் சொட்டுக்குழல் கருவியை எடுத்து நிழலில் வைத்து, இதுதான் வெள்ளை என்று சொன்னேன். நிழல் வெள்ளையானது, வெயில் பட்ட பனி மஞ்சளானது. அறுபது படத்துக்கும் அதையே ஒட்டிவிட்டேன். "என்னங்க இது, மலை பூரா பால்கோவா" என்றாள் உன் தங்கை. அத்தனையையும் பழையபடி திருப்பி, வெயில் பட்ட இடத்தில் சொட்டுக்குழலை வைத்து, நிழலை அதன் போக்கில் விட்டேன். வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தை வலது சுவரில் முட்டவிடாமல் கொஞ்சம் இறக்கியதும் பனியில் மணல் மாதிரி துகள் தெரிய ஆரம்பித்தது. மூட்டத்தை விலக்கும் டீஹேஸை மட்டும் பனியில் தொடாதே. அது இல்லாத அழுக்கையும் கொண்டுவரும்.

இதே வேலைக்கு நீ டார்க்டேபிள் மென்பொருள்தான் என்று அடம் பிடிப்பது தெரியும். காசு கேட்காது, ஒத்துக்கொள்கிறேன். நான் பழகின கை, மாதச் சந்தா கட்டிக்கொண்டு வாடகை வீட்டில் இருக்கிறேன். கூகுள் தன் படத் தொகுப்பு மென்பொருள் பிக்காஸாவை மூடிய அன்றைக்கே எந்த வீடும் சொந்த வீடு இல்லை என்று புரிந்துவிட்டது. ஆனால் உனக்கு ஒரு நல்ல சேதி: போன வாரம் இன்னொரு இலவசப் பட மென்பொருள், கிம்ப் 3.0, வந்துவிட்டது. 2.10 வந்தது 2018-ல், எத்தனை வருஷம் காத்திருந்தாய்! ஃபில்டர் போட்ட பிறகும் திரும்பிப்போய் மாற்றலாமாம், படம் கெடாது. இறக்கிப் பார்த்துச் சொல்.

இப்போது நான் செய்த திருட்டுத்தனம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

மூன்றாம் நாள் கொங்தூரியில் ஒரு படம் எடுத்தேன். மேலே அஃபர்வத், நடுவில் வெறும் பனிச்சரிவு, அதில் ஒரு மனிதர் ஆளை உட்காரவைத்துப் பனியில் இழுக்கும் ஸ்லெட்ஜைக் காலியாகக் கயிற்றில் இழுத்துக்கொண்டு ஏறுகிறார். பழுப்பு நிற ஃபெரன். வலது ஓரத்தில் கொண்டோலாவின் இரும்புக் கம்பம், கம்பிகள். அன்றைக்கு ராத்திரியே லேப்டாப்பில் உட்கார்ந்தேன். கம்பம் கண்ணை உறுத்தியது. லைட்ரூமில் இப்போது ஏஐ அழிப்பான் இருக்கிறது, மேலே தேய்த்துவிட்டால் போதும், அந்த இடத்தை அதுவே கற்பனை செய்து நிரப்பிவிடும். கம்பம் போயிற்று. கம்பிகள் போயின. ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அந்த மனிதரையும் தேய்த்தேன். சுத்தமான மலை, சுத்தமான சரிவு. காலண்டர் மாதிரி இருந்தது.

மறுநாள் காலை உப்புத் தேநீர் குடிக்கும்போது பயிற்சியாளரிடம் பெருமையாகக் காட்டினேன். ரோஜா நிறத்தில் ஒரு தேநீர் தருவார்கள், உன் வீட்டு மோர்க்குழம்பை ஞாபகப்படுத்தும் ருசி, அது தனிக் கதை. பையன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நல்லா இருக்கு சார். எந்த ஊரு?"

கொங்தூரிதானப்பா என்றேன். நம்பவில்லை. மூடுபனி இறங்கினால் கம்பங்களைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்து இறங்குவார்களாம். எந்த வளைவில் எந்தக் கம்பம் என்று அவனுக்கு மனப்பாடம். பிறகு விரலைத் திரையில் வைத்துக் கீழிருந்து மெதுவாக மேலே கொண்டுபோனான். ஸ்லெட்ஜ் இழுத்த இரண்டு கோடு, நடுவில் காலடி. பாதிச் சரிவுவரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது. அதற்குமேல் வழுவழுப்பாகப் பனி.

"இவர் எங்கே போனார் சார்?"

மனிதரை அழித்த நான் தடத்தை அழிக்க மறந்திருக்கிறேன். என்ன பதில் சொல்வது? அசல் படத்தைத் திறந்து காட்டினேன். ஃபெரனைப் பார்த்ததுமே, எங்கள் தெருக்காரர்தான், தங்மார்க் என்றான். தினமும் விடியற்காலையில் ஸ்லெட்ஜோடு மேலே வருவாராம். யாரும் அவரை இப்படித் தூரத்திலிருந்து எடுத்ததில்லை, எல்லோரும் ஸ்லெட்ஜில் உட்கார்ந்துகொண்டு தங்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்றான். மொபைலில் வேண்டாம், காகிதத்தில் போட்டு அனுப்புங்கள் சார், விலாசம் தருகிறேன் என்றான்.

நீ இப்போது மீசைக்குள் சிரிக்கிறாய், தெரியும். வேண்டாததை வெட்டு, இருந்ததை வெட்டாதே என்று இருட்டறையில் கத்துவாய். ரொம்ப யோக்கியன் மாதிரி பேசாதே. 88-ல் கல்லூரி விழாப் படத்தில் மேடைக்குப் பின்னால் நின்ற விளக்குக் கம்பத்தை ஒற்றைமயிர் பிரஷ்ஷால் புள்ளி வைத்து வைத்து மறைத்தவன் யார்? உனக்கு இரண்டு மணி நேரம் ஆனது, எனக்கு இரண்டு நொடி. வித்தியாசம் இருக்கிறது என்பாய். இருக்கிறதுதான். நீ புள்ளி வைக்கும்போது அங்கே என்ன இருந்தது என்று கடைசிவரை உனக்குத் தெரிந்திருந்தது.

அதனால்தான் இந்தப் பென்டிரைவ். உள்ளே கேமரா பதிந்தபடியே இருக்கும் அந்த ரா ஃபைல் ஒன்றுதான் இருக்கிறது, நான் கைவைத்தது எதுவும் இல்லை. பத்துக்கு எட்டில் இரண்டு பிரிண்ட் வேண்டும். உங்கப்பா வேலை பார்த்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஃபேக்டரியின் ‘இந்து’ என்ற போட்டோ பேப்பர் பெட்டி பரணில் இன்னும் இருக்கிறது என்று தெரியும், ஆனால் அதெல்லாம் இப்போது வெளிச்சத்துக்கு மரியாதை தராது. அதோடு இது கலரில்தான் வர வேண்டும். உன் பிரிண்டரில் மேட் தாளே போதும். கம்பம் இருக்கட்டும். ஃபெரனுக்கும் பனிக்கும் நடுவே அந்தக் கயிறு மெல்லிய கோடுதான், விளிம்பைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனைக் கூட்டினால் வெள்ளை விளிம்பு வந்துவிடும், பார்த்துச் செய். காலடி ஒவ்வொன்றுக்குள்ளும் நீலம் தேங்கியிருக்கும். அது சரியான அளவா, நான் கூட்டிப் பழகிய கண்ணோடு பார்க்கிறேனா என்று எனக்குத் தீரவில்லை. புதுக் கண் உன்னிடம்தான் இருக்கிறது. நீயே முடிவு பண்ணு.

ஒரு பிரிண்ட் எனக்கு. இன்னொன்றை அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டு, மடக்காதே என்று பெரிதாக எழுது. தங்மார்க் விலாசம் பென்டிரைவோடு வைத்திருக்கும் துண்டுச்சீட்டில் இருக்கிறது. ஸ்பீடு போஸ்ட் காசை மே மாதம் மேலே வரும்போது தருகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்
பழைய அறைத்தோழன்