ப்ளென்ஹைம் கவிதைக்கு நீங்கள் போட்ட நீதி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன புதன்கிழமை மாணவர் இணைப்பில், ராபர்ட் சௌதே எழுதிய 'ப்ளென்ஹைமுக்குப் பிறகு' என்ற ஆங்கிலக் கவிதையின் சுருக்கம் வந்திருந்தது. அதன் கீழே கட்டம் கட்டி, 'நீதி: போரில் வென்றவர்களின் புகழ் என்றும் அழியாது' என்று போட்டிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

எதிர்வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஒப்புவித்தல் போட்டிக்கு அந்தக் கவிதையைத்தான் எடுத்திருக்கிறாள். உங்கள் கட்டத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டு, "சரியா சொல்றேனா பாருங்க ஆன்ட்டி" என்று வந்து நின்றாள். கடைசி வரி வந்ததும் கையை முஷ்டி பிடித்து மேலே தூக்கி, "ட்வாஸ் எ ஃபேமஸ் விக்டரி" (அது ஒரு மாபெரும் வெற்றி) என்று முழங்கினாள். கையை ஏன் தூக்கினாய் என்று கேட்டேன். "வெற்றிக் கவிதைதானே ஆன்ட்டி, பேப்பர்லயே போட்டிருக்கே" என்றாள். குழந்தை மேல் தப்பில்லை.

உங்களுக்குத் தெரியாத கவிதை இல்லை. 1704 ஆகஸ்ட் 13-ல் டான்யூப் நதிக்கரையில், ப்ளென்ஹைம் என்ற ஊரில் நடந்த சண்டையைப் பற்றியது. ஆங்கிலேயத் தளபதி மார்ல்பரோ பிரபுவும் ஆஸ்திரியத் தளபதி இளவரசர் யூஜினும் பிரெஞ்சு, பவேரியப் படைகளைத் தோற்கடித்தார்கள். மார்ல்பரோ பிரபுவுக்கு இங்கிலாந்தில் ஒரு அரண்மனையே கிடைத்தது. சௌதே 1796-ல் அந்த வெற்றியைப் பற்றி எழுதும்போது அரண்மனைப் பக்கமே போகவில்லை. ஒரு விவசாயி வீட்டு வாசலுக்குப் போகிறார். சாயங்கால வெயிலில் கிழவர் காஸ்பர் வேலை முடிந்து உட்கார்ந்திருக்கிறார். பேரன் ஓடைக்கரையில் கிடந்த எதையோ உருட்டிக்கொண்டு வருகிறான். பெரிதாக, வழவழப்பாக, உருண்டையாக இருக்கிறது. தாத்தா கையில் வாங்கிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, யாரோ பாவப்பட்டவனின் மண்டையோடு என்கிறார். ஏர் ஓட்டும்போது கொழுமுனையில் அடிக்கடி இப்படி வரும் என்கிறார்.

எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அது எனக்கே விளங்கவில்லை, ஆனால் மாபெரும் வெற்றி என்று எல்லோரும் சொன்னார்கள் என்கிறார். அவருடைய அப்பாவின் வீட்டைத்தான் அன்று எரித்திருக்கிறார்கள். மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு தலைசாய்க்க இடமில்லாமல் ஓடியவர் அந்த அப்பா. பிள்ளைத்தாய்ச்சிகளும் பிறந்த சிசுக்களும் செத்ததையும் காஸ்பரே சொல்கிறார். பேத்தி, "இது ரொம்பக் கெட்ட காரியம் தாத்தா" என்று சொல்லியும் விடுகிறாள். கடைசியில் பேரன், "இதனால் என்ன நன்மை வந்தது?" என்று கேட்கிறான். "அது எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் மாபெரும் வெற்றி." அதோடு கவிதை முடிகிறது. கிழவர் ஊரார் பேச்சைத் திருப்பிச் சொல்ல, அதையே கவிஞர் சொல்லும் நீதி என்று நீங்கள் அச்சடித்துவிட்டீர்கள்.

இந்தக் கவிதையில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் நிறைய. என் பெரிய அண்ணன் 1971 போரில் இறந்தான். எனக்குப் பத்து வயது. டிசம்பர் 16-ல் டாக்கா விழுந்த செய்தி வந்து, தெருவில் பட்டாசு வெடித்தார்கள். நாலு நாள் கழித்துத் தந்தி வந்தது. அம்மா ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். தந்தியைப் படித்துச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அவள் கை நிற்கவில்லை, குழவி சுற்றிக்கொண்டே இருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, வங்காளத்தில் நடந்ததையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அம்மா முழுவதும் கேட்டாள். "சரிங்கய்யா, அன்னிக்கு அவன் சாப்பிட்டானான்னு எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

அந்தப் போருக்குக் காரணம் இருந்தது. அண்ணன் வீணாகச் செத்தான் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நான் சொல்ல வந்தது அப்பாவைப் பற்றி. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவர், "பெரிய வெற்றிங்க, ரொம்பப் பெரிய வெற்றி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சாகும்வரை அப்படித்தான். கல்லூரியில் இந்தக் கவிதையைப் படித்தபோது, காஸ்பர் வாயைத் திறந்ததும் எனக்கு அப்பா குரல்தான் கேட்டது. காஸ்பர் ஒன்றும் முட்டாள் இல்லை. அந்த ஒரு சொல்லையும் விட்டுவிட்டால், எரிந்த வீட்டையும் செத்த பிள்ளைகளையும் எதைச் சொல்லித் தாங்குவார்? 31 வருஷம் பாடம் நடத்தியவள் நான். கடைசி வரியை மெதுவாக, குரலைத் தாழ்த்திச் சொல்லத்தான் பிள்ளைகளுக்குப் பழக்கினேன்.

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். போன வருஷம் ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் குதிரைப்படைக் கவிதைக்கும் 'நீதி: கீழ்ப்படிதலே வீரம்' என்று போட்டீர்கள். 1854-ல் கிரிமியப் போரில், பாலக்லாவா என்ற இடத்தில் யாரோ ஒருவர் செய்த தவறால்தான் அந்த வீரர்கள் பீரங்கி வாய்க்குள் போனார்கள். யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று டென்னிசனே எழுதியிருக்கிறார். உங்கள் சுருக்கத்தில் அந்த வரி மட்டும் இல்லை. அப்போதே இரண்டு பக்கம் எழுதினேன். 'மாணவர் இணைப்பு பயனுள்ளதாக இருக்கிறது' என்ற என் முதல் வாக்கியத்தை மட்டும் வெளியிட்டு, மீதியை விட்டுவிட்டீர்கள். என் பெயருக்கு மேலே அந்தப் பாராட்டு மட்டும் நின்றதைப் பார்த்து எனக்கு எவ்வளவு சங்கடமாக இருந்தது தெரியுமா? 40 வருஷமாக உங்கள் பத்திரிகைதான் எங்கள் வீட்டில். அந்த உரிமையில்தான் சொல்கிறேன்.

கவிதையைப் போடாமல் சுருக்கத்தையும் நீதியையும் மட்டும் போடுவது எந்த ஊர் வழக்கம் என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பையனின் கேள்விக்குத் தாத்தாவிடமே பதில் இல்லாதபோது, பிள்ளைகளுக்கு நாம் ஏன் அவசரப்பட்டு ஒரு பதிலை எழுதிக் கொடுக்க வேண்டும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மொத்தம் 66 வரிதான், முழுக் கவிதையையும் போட்டால் சந்தோஷம். இடம் இல்லையென்றால் கடைசி இரண்டு பத்திகளையாவது அதே பக்கத்தில், அதே அளவு கட்டத்தில் வெளியிட்டு, போன வாரம் போட்ட நீதி தவறு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். போட்டி வருகிற வெள்ளிக்கிழமை. புதன்கிழமை இணைப்பில் வந்தால் அவளிடம் காட்டிவிடுவேன். நான் எவ்வளவு சொல்லியும் அவள் இன்னும் கையைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
குடியாத்தம்.